கார்த்திகைப் பாகில் ஓர் அமெரிக்க பிஸ்கட்

திருவண்ணாமலைச் சீமையில் கரும்புக்குப் பஞ்சம் இல்லை. செய்யாறு பக்கம் ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை, தென்பெண்ணையைத் தாண்டினால் மூங்கில்துறைப்பட்டில் இன்னொன்று. அரைவைப் பருவத்தில் ராத்திரி முழுக்க டிராக்டர்கள் கரும்பு ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போகும். ஒரு டன் கரும்பு ஆலைக்குள் போனால் 90, 100 கிலோ சர்க்கரை வெளியே வரும். கூடவே 40 கிலோவுக்குக் குறையாமல் கறுப்பாக, கெட்டியாக, நாக்கின் அடியில் கசக்கிற ஒரு பாகும் மிஞ்சும். அதுதான் மொலாசஸ். இத்தனை டன் ஊறுகிற மாவட்டத்தில், மளிகைக் கடையில் போய் அரை லிட்டர் மொலாசஸ் கேட்டால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். அவர் சந்தேகமும் நியாயம்தான். சாராய வடிசாலைக்கும், இப்போதெல்லாம் பெட்ரோலில் கலக்கிற எத்தனாலுக்கும், கொஞ்சம் மாட்டுத் தீவனத்துக்கும் போகிற சரக்கு அது. தமிழ்நாட்டில் அதை வைத்திருக்கவும் ஏற்றி இறக்கவும் 1958-லேயே தனி விதிகள் போட்டுவிட்டார்கள்.

அமெரிக்கர்களோ அதே கறுப்புப் பாகில் சுக்கும் பட்டையும் கிராம்பும் போட்டு, கிறிஸ்துமஸ் சமயத்தில் மெத்தென்று ஒரு பிஸ்கட் சுடுகிறார்கள். ரமணாசிரமத்துக்கு எதிர்ச்சாரியில், முட்டை வாசல்படி தாண்டாத ஒரு சைவ வீட்டுக்கு அது எப்படி வந்தது என்பதை அந்த வீட்டுப் பெண் இப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள்.

டவுனிலிருந்து செங்கம் சாலையில் வந்தால் மலையடிவாரத்தை ஒட்டி முதலில் சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமம், அடுத்து ரமணாசிரமம். சாலைக்கு இந்தப் பக்கம் பிரிகிற தெருக்களில் தொண்ணூறுகளில் பாதிக்கு மேல் காலி மனை. வீடு கட்டியவர்கள் மாடியில் ஓர் அறை, ஒரு குளியலறை, மூலையில் சின்னதாக ஒரு சமையல் மேடை என்று சேர்த்தே கட்டினார்கள். நவம்பரில் வந்து இறங்கி, மாசி வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடத்தான். பால் பிரண்டன் 1934-ல் எழுதிய புத்தகம் ரமணரை மேல்நாட்டுக்குச் சொன்னது. மறு வருஷமே மேஜர் சாட்விக் வந்து ஆசிரமத்திலேயே தங்கிவிட்டார். ரமணர் 1950-ல் மறைந்த பிறகும் வரத்து நிற்கவில்லை. அப்படி வந்த ஒருத்தர்தான் மாடிக்குக் குடிவந்த அமெரிக்க அம்மா. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பருத்திப் புடவை, காலில் ரப்பர் செருப்பு, விடியற்காலையில் ஆசிரமத்துக்குப் போய் வந்தபின் மத்தியானம் வரை பேச்சு கிடையாது. வீட்டுக்காரி அவரை ‘அம்மா’ என்பாள். அவரும் வீட்டுக்காரியை ‘அம்மா’ என்பார். குழப்பம் தீர, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் அவரை ‘மாடி அம்மா’ ஆக்கினாள். அந்தப் பேரே நிலைத்தது.

மாடி அம்மாவின் பெட்டியில், கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி, ஒவ்வொரு வருஷமும் ஒரு மொலாசஸ் பாட்டில் வரும். முதல் தடவை அதன் மூடியைத் திறந்து முகர்ந்த அம்மா சொன்னது:

“மாட்டுத் தவுட்டுல ஊத்துற பாகு வாசனையில்ல அடிக்குது!”

வாசனை அவளை ஏமாற்றவில்லை. கரும்புச் சாற்றைக் காய்ச்சி முதல் தடவை சர்க்கரைப் படிகத்தைப் பிரித்தெடுத்தால் மிஞ்சுவது வெளிறிய மொலாசஸ். அதையே மறுபடி காய்ச்சிப் பிரித்தால் கறுத்தது. மூன்றாம் முறை மிஞ்சுவது தார் நிறத்தில் கசப்பேறியது. அமெரிக்கக் கடைகளில் சமையலுக்கு விற்பது பெரும்பாலும் முதல் இரண்டு வகை. நம் ஆலைகள் கடைசிச் சொட்டு சர்க்கரை வரை எடுத்துவிட்டு விடுகிற மூன்றாவது வகை வடிசாலைக்குத்தான் லாயக்கு. ஆக, மூங்கில்துறைப்பட்டு ஆலையில் யாரையாவது பிடித்து ஒரு கேன் வாங்கியிருந்தாலும் பிஸ்கட்டுக்கு அது உதவியிருக்காது.

பிஸ்கட்டுக்கு வயது 200-க்கு மேல். அமெலியா சிம்மன்ஸ் என்ற பெண் 1796-ல் ஹார்ட்ஃபர்ட் நகரில் அச்சிட்ட சமையல் புத்தகத்தை அமெரிக்கர் எழுதிய முதல் சமையல் நூல் என்பார்கள். மொலாசஸ் போட்ட இஞ்சி ரொட்டி அதிலேயே இருக்கிறது. சர்க்கரை பணக்காரர் வீட்டுப் பண்டமாகவும் மொலாசஸ் ஏழைகளின் இனிப்பாகவும் இருந்த காலம் அது. மாசசூசெட்ஸ் மாநிலத்து மார்பிள்ஹெட் என்ற மீன்பிடி ஊரில், ஜோசப் பிரௌன் என்ற கறுப்பின விடுதலைப் போர் வீரரும் அவர் மனைவி லுக்ரீஷியாவும் நடத்திய சத்திரத்தில், ரம்மும் கடல்தண்ணீரும் சேர்த்துத் தட்டு அகலத்துக்கு மொலாசஸ் பிஸ்கட் சுட்டார்களாம். வாரக்கணக்கில் கடலுக்குப் போகிற மீனவர்கள் பீப்பாயில் நிரப்பிக்கொண்டு போவார்கள். எத்தனை நாளானாலும் விறைக்காது என்பதுதான் அதன் பெருமை.

இந்தக் கறுப்புப் பாகுக்குக் கறுப்பான சரித்திரமும் உண்டு. கரீபியத் தீவுகளில் அடிமைகள் வெட்டிய கரும்பின் மொலாசஸ் கப்பலேறி நியூ இங்கிலாந்துக்குப் போய் ரம் ஆகும். அந்த ரம் ஆப்பிரிக்கக் கரைக்குப் போய் மேலும் அடிமைகளை வாங்கும். அடிமை முறை ஒழிந்ததும் கரும்புக்காட்டு வேலைக்கு நம் ஆட்களைப் பிடித்துப் போனார்கள். சென்னைத் துறைமுகத்தில் கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-ல் டர்பனில் போய் நின்றது. அதற்குப் பின் நேட்டாலுக்குப் போன கப்பல்களில் ஆர்க்காட்டு மாவட்டங்களிலிருந்து ஏறியவர்கள் ஏராளம். பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி அழுதது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மாடி அம்மாவின் பாட்டிலை அம்மா இத்தனை சந்தேகத்தோடு பார்த்ததற்கு இந்தச் சரித்திரம் காரணமில்லைதான். ஆனாலும் பார்த்த பார்வை சரி.

முதல் இரண்டு மூன்று குளிர்காலங்கள் பாட்டில் மொலாசஸிலேயே ஓடின. அப்புறம் ஒரு வருஷம் விமானத்தில் பாட்டில் உடைந்து, பெட்டியில் இருந்த துணியெல்லாம் பாழ். மாடி அம்மா வந்து இறங்கியது தீபத்துக்கு முந்தின வாரம். கீழே சமையலறையில் கார்த்திகைப் பொரிக்கு வெல்லம் கரைந்துகொண்டிருந்தது.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். பிஸ்கட் இந்த வீட்டுப் பண்டம் ஆனது அந்த வெல்லப்பாகில்தான்.

அம்மா வெல்லம் வாங்குவது டவுனில் தேரடித் தெருப் பக்கம். மஞ்சள் வெளேரென்று பளபளக்கும் வெல்லத்தைத் தொடமாட்டாள். அது ஹைட்ரோஸ் போட்டு வெளுத்தது. கறுத்து, அமுக்கினால் விரல் பதிகிற அச்சுவெல்லமாகப் பொறுக்குவாள். அதை இடித்து, மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கரைத்து, வேட்டித்துணியில் வடிகட்டுவாள். துணியில் மணலும் சக்கைத் தும்பும் நிற்கும். வடித்ததை இரும்பு வாணலியில் ஊற்றி, தீயைத் தூக்கி வைத்து, நுரை பொங்கும்போது குறைத்து, கரண்டியால் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே இருப்பாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். ஒரு சொட்டுப் பாகை அதில் விடுவாள். கரைந்து போனால் பதம் இல்லை. கரையாமல் அடியில் போய் நின்று, விரலால் கூட்டினால் கூடி வந்தால் அதிரசப் பதம். உருட்டித் தட்டில் போட்டு ‘டங்’ என்று சத்தம் கேட்டால்தான் பொரி உருண்டைப் பதம். அந்தச் சத்தம் கேட்ட கணத்தில் சுக்குப்பொடியும் ஏலக்காயும் தேங்காய்ப் பல்லும் விழும், பொரி விழும், வாணலி இறங்கும். அரை நிமிஷம் தாமதித்தாலும் உருண்டை பிடிக்க வராது. கையில் அரிசிமாவைத் தொட்டுக்கொண்டு, பொறுக்கிற சூட்டைத் தாண்டிய சூட்டில் பிடிக்க வேண்டும்.

வாசல்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மாடி அம்மா, பாகு இன்னும் தேன் பதத்தில் இருக்கும்போது “அம்மா, கொஞ்சம் எனக்கு” என்று ஒரு டம்ளரை நீட்டினார். அம்மாவுக்கு விஷயம் புரியவில்லை. மகளுக்குப் புரிந்தது.

ஒரு சங்கடம் இருந்தது. வெறும் வெல்லப்பாகு ஆறினால் பூத்துவிடும். நறநறவென்று படிகம் கட்டும். மாடி அம்மா யோசித்துக்கொண்டிருக்கையிலேயே, அம்மா போகிற போக்கில் அரை எலுமிச்சம்பழத்தை அந்த டம்ளருக்குள் பிழிந்து இன்னொரு கொதி விட்டாள். சர்க்கரைப்பாகு பூக்காமலிருக்கக் கல்யாணச் சமையல்காரர்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். நடந்தது என்னவென்றால், புளிப்பும் சூடும் சேர்ந்து சர்க்கரையில் ஒரு பங்கை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துவிட்டன. அவை கலந்த பாகு எளிதில் படிகம் கட்டாது. ஃப்ரக்டோஸ் காற்றில் இருக்கிற ஈரத்தைக்கூட இழுத்து வைத்துக்கொள்ளும். மொலாசஸ் பிஸ்கட் நாள்பட்டும் மெத்தென்று இருக்கும் ரகசியம் இதுதான்: மொலாசஸில் இந்த இரண்டும் இயல்பாகவே நிறைய. மார்பிள்ஹெட் மீனவர்களின் பீப்பாயைக் காத்ததும் இதுவே. எலுமிச்சம்பழம் இன்னொரு வேலையும் செய்தது. மொலாசஸ் கொஞ்சம் புளிப்புக் குணம் உள்ளது. சமையல் சோடாவோடு சேர்ந்தால் நுரைத்து மாவை எழுப்பும். வெல்லத்துக்கு அந்தப் புளிப்பு போதாது. பழம் அதையும் ஈடுகட்டிவிட்டது.

மிஞ்சியது கசப்பு. மொலாசஸ் வேண்டும் என்பவர்கள் அந்த அடிநாக்குக் கசப்புக்காகத்தான் வேண்டும் என்கிறார்கள். வெல்லத்தில் அது கிடையாது. அடுத்த வருஷம் அம்மாவே வழி கண்டாள்: பாதி வெல்லம், பாதி உடன்குடிக் கருப்பட்டி. கருப்பட்டியின் புகைவாசமும் லேசான காரலும் சேர்ந்ததும், மாடி அம்மா கரண்டியை நக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தியானம் என்று நினைத்து மகள் சத்தம் போடாமல் நின்றாள். பத்து விநாடி கழித்து அவர் கண்ணைத் திறந்து, “இது நல்லாருக்கு. அதைவிட” என்றார்.

முட்டை விஷயத்தில் பேச்சுக்கே இடம் இல்லை. மாடியில் என்ன வேண்டுமானாலும் சமைக்கலாம், முட்டையும் மீனும் தவிர என்பது வாடகைப் பேச்சிலேயே முடிவானது. மொலாசஸ் பிஸ்கட்டுக்கு ஒரு முட்டை போடுவது அமெரிக்க வழக்கம். அது மாவைக் கட்டவும் ஈரம் கொடுக்கவும்தான். பாகு தானே ஒட்டும், தானே ஈரம் வைத்திருக்கும் என்பதால் இந்த ஒரு பிஸ்கட்டில் முட்டையை எடுத்துவிட்டால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. இரண்டு கரண்டி கெட்டித் தயிர் போட்டார்கள். தயிரின் புளிப்பும் சோடாவுக்குத் தீனியாயிற்று.

மசாலாவில்தான் சண்டை. மாடி அம்மா கிராம்பு அரைக் கரண்டி போடுவார். “பல்வலிக்கா பண்றீங்க?” என்று அம்மா அதைக் கால் கரண்டியாக்குவாள். பிறகு அவர் பார்க்காத நேரத்தில் சுக்கைக் கூட்டுவாள். கடையில் வாங்கிய சுக்குப்பொடி அந்த வீட்டில் ஆகாது. முழுச் சுக்கு வாங்கி, தோலை நன்றாகச் சுரண்டி எறிந்துவிட்டுத்தான் இடிக்க வேண்டும். சுக்குக்குத் தோலில் நஞ்சு என்பது பாட்டி சொத்து. கிராம்புக்கு மாறாமலைச் சரக்கு, அதாவது கன்னியாகுமரி மாவட்டத்து மலையில் விளைந்தது, கிடைத்தால் விசேஷம். பட்டைக்கு எந்தக் கவலையும் இல்லை. மளிகைக் கடையில் தடித்தடியாக விற்கிற பட்டை பெரும்பாலும் காசியா; இலங்கையிலிருந்து வருகிற மெல்லிய சுருள் பட்டை வேறு. சுருள் பட்டைதான் உசத்தி என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆனால் அமெரிக்கர்கள் வீட்டில் பழகியதும் காசியாதான். பிரியாணிப் பட்டையை இடித்துப் போட்டபோது மாடி அம்மா தன் ஊர் வாசனை வந்துவிட்டது என்றார்.

மிளகு போட்டது மட்டும் மகளின் வேலை. ஒரு சிட்டிகை. இரண்டு அம்மாக்களும் கண்டுபிடிக்கவில்லை; நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள்.

சமையல் குறிப்பு ஞானத்தில் போய் முடிவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. தாயார் அழகம்மாள் மலைமேல் மகனோடு வந்து தங்கிய நாட்களில், அப்பளம் இட உதவிக்குக் கூப்பிட்டபோது ரமணர் பாட்டாகவே பாடிக் கொடுத்ததுதான் ‘அப்பளப் பாட்டு’. உளுந்து, பிரண்டை, மிளகு, சீரகம் என்று நிஜமான அப்பளப் பக்குவம் ஒன்றுவிடாமல் அதில் இருக்கிறது, கூடவே வேதாந்தமும். பிற்பாடு அடிவாரத்து ஆசிரமத்திலும் அவர் விடிவதற்கு முன்பே எழுந்து காய் நறுக்கி, சட்னி அரைத்துச் சமையல்கட்டில் வேலை செய்ததைப் பலரும் எழுதி வைத்திருக்கிறார்கள். தனக்கென்று தனியாக எது வந்தாலும் பந்தியில் எல்லாருக்கும் பரிமாறினால்தான் தொடுவார். ஆகவே மாடி அம்மா சமையல்கட்டு வாசலில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதை அந்தத் தெருவில் யாரும் வினோதமாகப் பார்க்கவில்லை. பிஸ்கட்டை எண்ணி எல்லா வீட்டுக்கும் சமமாக அனுப்ப வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததையும்தான். எண்ணிக்கை இடித்தால் ஒன்றைப் பாதியாக உடைத்தாவது அனுப்புவார்.

அடுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா சென்னைக்குப் போனபோது வாங்கி வந்த வட்ட அலுமினிய ஓவன். மூடியில் ஒரு கண்ணாடி வட்டம், அடியில் கம்பிச் சுருள், சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகு கிடையாது. கூடினால் பிளக்கைப் பிடுங்க வேண்டும், குறைந்தால் சொருக வேண்டும். 180 டிகிரி என்று மாடி அம்மாவின் நோட்டுப் புத்தகத்தில் இருந்ததற்கு அங்கே அர்த்தமே இல்லை. ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தை உள்ளே போட்டு, அது கறுகாமல் பழுப்பாக மாறினால் சூடு சரி என்று அவரே ஒரு கணக்கு வைத்திருந்தார்.

மாவு பிசைந்ததும் சுடக் கூடாது. வெண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் குழைத்து, பாகும் தயிரும் ஊற்றி, சோடாவும் மசாலாவும் சலித்த மைதாவைக் கலந்தால் கையில் ஒட்டுகிற ஒரு களி வரும். அதை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைப்பார். மாவு ஈரத்தைக் குடிக்கும், வெண்ணெய் இறுகும், வாசனை ஏறும். அதிரச மாவை ஒரு நாளாவது ஊறப்போடுகிற வீட்டுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் எலுமிச்சங்காய் அளவு உருட்டி, சர்க்கரையில் புரட்டி, டம்ளர் அடியால் லேசாக அமுக்கி, இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். மேலே ஒட்டின சர்க்கரை ஈரத்தை உறிஞ்சித் தோலை முதலில் காய வைக்கும். உள்ளே சோடா நுரைத்து எழும்பும்போது காய்ந்த தோல் பிளக்கும். அந்த வெடிப்புகள்தான் இந்த பிஸ்கட்டின் அடையாளம்.

அம்மாவால் கடைசி வரை ஒப்புக்கொள்ள முடியாதது ஒன்று உண்டு. ஓரம் கட்டி, நடுவில் இன்னும் ஈரம் பளபளக்கும்போதே பிஸ்கட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். பத்து நிமிஷம், மிஞ்சினால் பதினொன்று.

“என்னாடி இது, வேகவே இல்லியே! பச்சை மாவு வயித்த வலிக்கும்.”

“போதும் அம்மா, எடுங்க, எடுங்க” என்று மாடி அம்மா பதறுவார். தட்டின் சூட்டிலேயே அது இன்னும் ஐந்து நிமிஷம் வேகும்; கண்ணுக்கு வெந்ததாகத் தெரிகிறவரை விட்டால் ஆறியபின் கல்லாகிவிடும். எண்ணெயில் மிதந்து சிவக்கிற பண்டங்களைக் கண்ணால் பார்த்து எடுத்தே பழகிய கைக்கு, கண் சொல்வதை நம்பாதே என்கிற இந்தப் பாடம் ஏறவில்லை. அம்மா பொறுப்பில் வெந்த தட்டுகள் மொறுமொறுவென்று வரும். அவளுக்கு அதுதான் பிடிக்கும், காப்பியில் நனைக்க வசதி. ஒரே மாவில் மேல்வீட்டுக்கு மெத்தென்று ஒரு தட்டு, கீழ்வீட்டுக்கு மொறுமொறுவென்று ஒரு தட்டு என்று உடன்பாடு ஆயிற்று.

ஆற வைக்க மொட்டைமாடிதான் இடம். மலைமேல் தீபம் ஏற்றினால் 11 நாள் எரியும்; அந்த நாட்களில்தான் பெரும்பாலும் பிஸ்கட் சுடுவதும் நடக்கும். சாயங்காலம் ஊரே மாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஆசிரமத்து மரங்களிலிருந்து இறங்கிய ஒரு குரங்கு தட்டோடு தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்துகொண்டது. ஒன்றைக் கடித்தது, துப்பியது. இன்னொன்றைக் கடித்தது, துப்பியது. கிராம்பு கூடிவிட்டது என்று தான் அப்போதே சொன்னதாக அம்மா இன்றும் சாதிக்கிறாள்.

மாடி அம்மாவுக்கு வயதாகி வருகை நின்றது. நோட்டுப் புத்தகத்தை விட்டுவிட்டுப் போயிருந்தார். மகள் கல்யாணமாகி அதே ஊரில் இரண்டு தெரு தள்ளிக் குடித்தனம் வைத்து, ஓடிஜி என்கிற மின்சார ஓவன் ஒன்றை வாங்கினாள். வாங்கிய நேரம் அப்படி. 2012-ல் சென்னையை விட்டு வெளியே இருந்தவர்களுக்கு அந்த வருஷத்து மின்வெட்டைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் ஒரு மணி நேரம் இல்லை. சில நாள் அதுவும் கிடையாது. தட்டு உள்ளே போய் நாலாவது நிமிஷம் விளக்கு அணைந்தால், பாதி பரவிய மாவு அப்படியே உட்கார்ந்துவிடும். சோடா ஒரு தரம் நுரைத்து அடங்கினால் மறுபடி எழும்பாது.

அப்போதுதான் பழைய பெரிய குக்கர் வெளியே வந்தது. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் இரண்டு விரல் கனம் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு பிரிமனை வைத்து, மூடிப் பதினைந்து நிமிஷம் காயவிட வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. ஓவன் இல்லாத தமிழ் வீடுகளில் கேக் சுடுவது இப்படித்தான். கேக்கைவிட பிஸ்கட்டுக்கு இது சிரமம், மேல்சூடு போதாது. அடி சிவந்து மேல் வெளிறி நிற்கும். ஆனால் மொலாசஸ் பிஸ்கட் பிறவியிலேயே கறுப்பு. வெளிறினால் யாருக்குத் தெரியும்? மேல்சூடு குறைவாக இருந்ததால் மெத்தென்றும் வந்தது. ஒரு தடவைக்கு ஐந்து பிஸ்கட்தான் என்பதைத் தவிர, குக்கர் பிஸ்கட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

2020 மார்ச்சில் எல்லாம் அடைபட்டது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் ஆட்கள் நடக்கிற 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை வெறிச்சோடியது. ஆசிரமத்து வாசல் மூடியது. வெளிநாட்டுக்காரர்களை நம்பியிருந்த மாடி அறைகளும் காப்பிக் கடைகளும் காலி. கேக், இத்தாலிய ரொட்டி என்று குளிர்காலம் முழுக்கச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்த செங்கம் சாலைக் கடைகளில் பூட்டு தொங்கியது. வீட்டிலேயே அடைந்து கிடந்த ஊர்க்காரர்கள் பிஸ்கட் கேட்க ஆரம்பித்தது அப்போதுதான். சளிக்குச் சுக்கு நல்லது, மிளகு நல்லது, கருப்பட்டி நல்லது என்று ஊரே கஷாயம் குடித்துக்கொண்டிருந்த சமயம். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த ஒரு தட்டு, தெரு முழுக்க ‘சுக்கு பிஸ்கட்’ என்று பரவியது. கஷாயத்தின் பலன் பிஸ்கட்டில் கிடைக்காது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கேட்பார் இல்லை.

ஆர்டர் என்று வந்தபின் அளவுகளை ஒரு வழிக்குக் கொண்டுவந்தாள். மைதா 280 கிராம், வெண்ணெய் 170, நாட்டுச் சர்க்கரை 150, வெல்லமும் கருப்பட்டியும் சேர்ந்த பாகு கால் கப்பைவிடக் கொஞ்சம் கூட, கெட்டித் தயிர் இரண்டு மேசைக்கரண்டி. சோடா ஒன்றரைத் தேக்கரண்டி, சுக்கு இரண்டு, பட்டை ஒன்றரை, உப்பு அரை. கிராம்பு கால், இந்த விஷயத்தில் கடைசியில் அம்மா ஜெயித்தாள். பால்காரரிடம் வாங்குகிற வெண்ணெய் என்றால் துணியில் கட்டித் தண்ணீரைப் பிழிந்துவிட வேண்டும். விட்டால் பிஸ்கட் பரவித் தோசையாகும். கோதுமை மாவில் கேட்கிறவர்களுக்கு ஒரு கரண்டி பால் கூட்டுவாள். அது தண்ணீரை அதிகம் இழுக்கும்.

வீட்டில் செய்து விற்பதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். அப்போது வருஷ வியாபாரம் 12 லட்சத்துக்குள் என்றால் 100 ரூபாய்க் கட்டணத்தில் சாதாரணப் பதிவே போதுமாக இருந்தது. பதிவுப் படிவத்தில் பண்டத்தின் வகை என்ன என்று கேட்டிருந்த இடத்தில் என்ன எழுதுவதென்று வீட்டில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் ‘பேக்கரி’ என்று எழுதினாள். அம்மாவுக்கு அதில் திருப்தி இல்லை. பலகாரம் என்று போட்டிருக்கலாமே என்றாள்.

இப்போது வெளிநாட்டுக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள், கடைகளும் திறந்துவிட்டன. சுக்கு பிஸ்கட் ஆர்டரில் பாதிக்கு மேல் உள்ளூர்தான். தீபாவளிக்கு அதிரசம் சுடுவதை விட்டுவிட்ட வீடுகள் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று சொல்லி வைக்கின்றன. பாகுக்கு மட்டும் அவள் இன்னும் அம்மா வீட்டுக்குத்தான் போகிறாள். எழுபதைத் தாண்டிய அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தபடி கிண்ணத்துத் தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்க்கிறாள். சர்க்கரைப் பாகின் சூட்டை அளக்கிற தெர்மாமீட்டர் ஒன்றை மகள் வாங்கி வந்தாள். 105 டிகிரி என்று அது காட்டும்போது அம்மா “இப்ப இறக்கு” என்கிறாள். சில நாள் அம்மா முந்திக்கொள்கிறாள், அன்றைக்குப் பாகு கொஞ்சம் நீர்த்திருக்கிறது. அப்படிப்பட்ட நாளில் தயிரில் ஒரு கரண்டியைக் குறைத்துவிடுவது என்று மகள் தன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.